பீருக்குக் கசப்பு தரும் ‘கோல்டிங்ஸ்’ ஹாப்ஸ்: நம்ம பொன்னேரியில் விளையுமா?

பீர் கசப்பதற்கு ஆல்கஹால்தான் காரணம்னு நினைக்கிறீங்களா? இல்லை, ‘ஹாப்ஸ்’ என்ற கொடியின் பூதான் காரணம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விளையும் ‘கோல்டிங்ஸ்’ அதில் புகழ்பெற்ற ரகம்.

பீரில் இதற்கு என்ன வேலை?

பார்லி மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கும்போதே ஹாப்ஸைப் போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது, சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைப்பதால் வருவது.

இந்தியாவுடன் என்ன தொடர்பு?

பீரைக் கெடுக்கும் சில பாக்டீரியாக்களை ஹாப்ஸ் தடுக்கும். அதனால்தான் கிழக்கிந்திய கம்பெனி காலத்தில், ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரில் ஹாப்ஸைத் தூக்கலாகச் சேர்த்தார்கள். ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயரே அந்த வியாபாரத்தில் வந்ததுதான்.

பொன்னேரியில் பயிரிடலாமா?

கஷ்டம். இந்தக் கொடி நன்றாக விளைய, குளிர்காலமும், கோடையில் நீண்ட பகலும் வேண்டும். ஜூன் மாதம் கென்ட்டில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். பொன்னேரியில் சுமார் 13 மணி நேரம்தான்.

இந்தியாவில் எங்கே விளைகிறது?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். ஆனால், பீர் ஆலைகள் இறக்குமதி ஹாப்ஸ் பக்கம் போனதால், அங்கும் பல விவசாயிகள் காய்கறிக்கு மாறிவிட்டார்கள்.

‘புதுப் பயிர், நல்ல லாபம்’ என்று யாராவது ஹாப்ஸ் கன்று விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வெயிலில் பூக்குமா? பூத்தால் வாங்குவது யார்?