சிவப்புக் கார்டும் வராத கடிதமும்



போன மாதம் மலைத் தோட்டமொன்றில் கூட்டம் முடிந்து எழுந்தோம். ஒரு பாட்டி நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்பா, நம்ம காயிதம் வந்துச்சா?" என்று கேட்டார். குடியுரிமை மனுவைத்தான் கேட்கிறார். மனுப் போட்ட நாளில் கொழுந்துக் கூடையோடு மேடேறியவர், இன்று தடி ஊன்றி நடக்கிறார். கார்டு மட்டும் அதே சிவப்பு!

பழைய கதை இளைஞர்களுக்குத் தெரிய வேண்டும். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, "தோட்டத்தை விட்டு எங்கே போகப்போறோம், கார்டு எதுக்கு?" என்று நம்மவர் பலர் பதியாமல் இருந்துவிட்டார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்றாயிற்று. அந்த நாட்களில் ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்புக் கார்டோடு நின்றுபோனார்கள். ஓட்டு இல்லை.

2018 ஜூலையில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், சிவப்புக் கார்டு இந்தியர்களில் 60 வயது தாண்டிய 3,407 பேருக்குக் குடியுரிமை கிடைக்கும் என்றார். 2024இல் உள்துறை அமைச்சு, எல்லா இனத்தாருடையதுமாகத் தேங்கிக் கிடந்த சுமார் 14,000 மனுக்களை அவ்வாண்டே முடிப்பதாகச் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் தேக்கம் ஏன் வந்தது?

தேசிய மொழி தெரிய வேண்டும் என்பது விதி. பாட்டி சந்தையில் மலாய் பேசித்தான் காலம் தள்ளினார். அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முடிவு அமைச்சர் கையில். அதை எதிர்த்து மேல்முறையீடு இல்லையென அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. தள்ளுபடியானால் காரணம் தெரியாது; மறுபடி முதலிலிருந்து வரிசை.

ஆகவே நாம் கேட்பது பெரிய சலுகையல்ல. மனுவுக்குக் கெடு வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வயதானவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

நம் பக்கமும் குறை உண்டு. தேர்தல் நேரத்தில் பாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் யார் விசாரித்தோம்? தொழிற்சங்கக்காரர்களான நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். லயம் மாறியவர்கள் புது விலாசம் கொடுப்பதில்லை. கடிதம் பழைய தோட்டத்துக்குப் போய்த் திரும்புகிறது.

பாட்டி சுருக்குப்பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து மனு எண்ணில் பாதி அழிந்துவிட்டது. மீதியை எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ரசீது இருந்தால், இந்த வாரமே நகல் எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்கு வாருங்கள்.