தூரமானிக் கமராவும் துதிபாடிகளும்

பழைய தூரமானிக் கமரா ஒன்றை வாங்க விரும்பும் மாணவனுக்கு இன்று இருவகை அறிவுரை கிடைக்கின்றது. பணம் சேர்த்து லைக்காவையே வாங்கு, ஏனையவை விளையாட்டுப் பொருள்கள் என்பது ஒன்று. பிலிமின் காலம் முடிந்துவிட்டது, கைபேசியே போதும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களும் ஈற்றில் ஒரே முடிவையே தருகின்றன: பணமில்லாதவன் இக்கருவியைத் தொடாதிருக்கட்டும். இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலாவதை மறுப்பதற்கே கூடுதலான இடம் வேண்டியுள்ளது.

ரேன்ஜ்பைண்டர் என்று கடைக்காரர் வழங்கும் இக்கமராவில் நாம் வில்லையினூடாகக் காட்சியைப் பார்ப்பதில்லை. வில்லைக்கு மேலே புறம்பாக அமைந்த சாளரத்தினூடாகவே பார்க்கின்றோம். சற்று விலகியிருக்கும் இரண்டாவது சாளரம் அதே காட்சியின் இன்னொரு பிம்பத்தைக் கண்ணாடிகளின் வழியே கொண்டுவந்து முதலாவதன் நடுவில் விழுத்துகின்றது. வில்லை வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரு பிம்பங்களும் நெருங்கி வரும். ஒன்றான கணத்திலே குவியம் சரியாகிவிடும். நில அளவையாளர் முக்கோணங் கொண்டு தூரங் காணும் அதே கணிதந்தான். உள்ளே துள்ளியெழும் கண்ணாடி இல்லாமையால் ஓசை குறைவு, பருமனும் குறைவு. 1925 இல் லைப்சிக் சந்தையில் ஒஸ்கார் பார்னாக்கின் சின்னஞ்சிறு லைக்கா வெளிவந்து, 1932 இல் அதனுடன் தூரமானியும் இணைந்தபோது, முக்காலியோடு நின்றுகொண்டிருந்த படப்பிடிப்புத் தெருவுக்கு இறங்கி நடந்தது. அதனை அதன் சாதனையாக நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால், தெருவுக்கு இறங்கிய அக்கருவி இன்று எங்கே இருக்கின்றது? 2022 யூனில் பார்னாக் தாமே பயன்படுத்திய 105 ஆம் இலக்கக் கமரா 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ஐத் தாண்டியதையும், எமது நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்ததையும் இங்கு எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேதான் லைக்கா எம்6 என்ற பழைய மாதிரி மீண்டும் புதிதாக வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை அப்போது 5,295 டொலராக இருந்தது. அன்றைய நாணயமாற்றில் ஏறத்தாழப் பத்தொன்பது இலட்சம் ரூபா. இத்தொகைக்கு வில்லை கிடையாது! பழைய எம்6 கமராக்களும் மலிவானவையல்ல.

லைக்கா மட்டமான கருவி என்று நான் வாதிடவில்லை. 1954 இல் வந்த எம்3 இன் காட்சிச் சாளரத்தை ஒருமுறை பார்த்தவர் அதன் தெளிவை மறுக்கமாட்டார். எனது வாதம் வேறு. அக்கருவியின் உழைப்புப் பெறுமதிக்கும் அதன் சந்தை விலைக்கும் இடையிலான தொடர்பு அறுந்து நெடுங்காலமாயிற்று. இடைவெளியை நிரப்பியிருப்பது பெயர் மட்டுமே. இதற்குச் சான்று வேண்டுவோர் ஃபெட் கமராவின் கதையைக் கேட்கட்டும். கார்க்கிவ் நகரத்தருகே வீடற்ற சிறுவர்களுக்காக அன்ரன் மக்கரெங்கோ நடத்திய தொழிற்பண்ணையில் 1934 முதல் தொடராக உற்பத்தியான கமரா அது. லைக்காவின் நேர் பிரதி. (அப்பண்ணைக்கு இரகசியப் பொலிசின் தலைவரொருவரின் பெயரை இட்டிருந்தமையால், அதன்பால் மிதமிஞ்சிய பக்தியும் எனக்கில்லை.) பின்னாளில் வியாபாரிகள் சிலர் ஃபெட், சோர்க்கி என்ற பெயர்களைச் சுரண்டியெடுத்துவிட்டு, லைக்கா என்று பொறித்து, பொன்முலாமும் நாற்சிச் சின்னமும் இட்டு விற்கத் தொடங்கினர். உள்ளே அதே பல்சக்கரம், அதே துணித்திரை. விலை மட்டும் ஏறிற்று. வாங்கப்படுவது கமராவா, எழுத்துக்களா?

இது பணக்காரரின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. கமரா யாருடைய கையில் இருந்தது என்ற கேள்வி இலங்கையில் வெறுங் கேள்வியன்று. 1875 இல் இங்கு குடியேறிய யூலியா மாகிரற் கமரன் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். அவர் கணவரோ கோப்பித் தோட்ட உரிமையாளர். அப்படங்களிற் பலவற்றில் இருப்போருக்குப் பெயரில்லை. பின்வந்த கொழும்பு ஸ்ரூடியோக்கள் கொழுந்து கொய்யும் பெண்ணை அஞ்சலட்டையாக்கி உலகெங்கும் அனுப்பின. லயனல் வென்ற் (1900–1944) மகா கலைஞர்தான். அவர் பாரிஸ்ரராகவும் பியானோக் கலைஞராகவும் இருக்கக்கூடிய வீட்டிலிருந்து வந்தவர் என்பதும் உண்மைதான். நூறாண்டுகளுக்கு மேலாகப் படமெடுக்கப்பட்டோர் ஒரு சாரார், படமெடுத்தோர் வேறொரு சாரார். லயத்திலே பிறந்த மாணவி ஒருத்தி, தன் தாய் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் மடுவத்தில் நின்று எடுக்கும் படம் இவற்றுள் எதனோடும் ஒவ்வாது. அவளைப் பார்த்து "லைக்கா இல்லையேல் வேண்டாம்" என்பவன் யாருக்காகப் பேசுகின்றான்?

கைபேசிக்காரருக்கு ஒரு வார்த்தை. பிலிம் நம்மைச் சிந்திக்க வைக்கும் என்ற பல்லவியை நான் பாடப்போவதில்லை; சிந்திக்காதவன் பிலிமிலும் சிந்திக்கமாட்டான். எனினும், பழுதான கைபேசியோடு மூன்றாண்டுப் படங்களை இழந்தோர் நமது விடுதிகளில் அறைக்கொருவர் உளர். நெகற்றிவ் கடவுச்சொல் கேட்பதில்லை. வெளிச்சத்திற் பிடித்தால் தெரியும்.

இனித் தெரிவுக்கு வருவோம். 1972 இலிருந்து பத்தாண்டுகள் விற்பனையான கனனின் கனொனெற் கியூஎல்17 மூன்றாம் வகை எனது முதற் சிபாரிசு. 40 மில்லிமீற்றர் வில்லை, எப்/1.7 துவாரம். பழைய எம்6 இன் விலையிற் பத்திலொரு பங்கும் ஆகாது. அதன் ஒளிமானிக்கு உரிய பாதரசப் பற்றரி இன்று விற்பனையில் இல்லையென்று கடைக்காரர் பயமுறுத்துவர்; ஆனால் பற்றரியே இல்லாமலும் அதன் ஷட்டர் இயங்கும், வேகத்தையும் துவாரத்தையும் நாமே இடலாம். நமது நாட்டு நண்பகல் வெயிலில் 100 வேகப் பிலிமுக்கு எப்/16, நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கன் என்பதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. யஷிக்கா இலெக்ற்றோ 35 இன் வில்லையும் அருமையானதே. ஆயினும் பற்றரி இறந்தால் அது ஐந்நூறில் ஒரு செக்கன் ஒன்றைத் தவிர வேறெதுவும் அறியாது. ஆகவே அதனை இரண்டாவதாகவே வைப்பேன். வில்லைகளை மாற்ற விரும்புவோர் சோர்க்கி 4 ஐ நாடலாம். பிலிமைச் சுற்றிய பின்னரே வேகத்தை மாற்றுதல் வேண்டும். முன்னர் மாற்றினால் பொறி கெடும்.

வாங்குமுன் பின்கதவைத் திறந்து விளக்கின் முன் பிடித்துத் துணித்திரையில் ஊசித்துளை உண்டா என்று பாருங்கள். சூரியனை நோக்கி வில்லையைத் திறந்துவைத்த முன்னைய சொந்தக்காரரின் கைவண்ணம் அங்கே தெரியும். தொலைவிலுள்ள கோபுரத்தையோ நிலவையோ நோக்கி வளையத்தை முடிவிலிக்குத் திருப்பினால் இரு பிம்பங்களும் ஒன்றாதல் வேண்டும். ஒன்றாவிடின் திருத்தச் செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். கதவோரப் பஞ்சு உக்கியிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. கறுப்புக் கம்பளி நூல் போதும்.

கையிலுள்ள பணத்திற் பாதியைத்தான் கமராவுக்குக் கொடுத்தல் வேண்டும். முப்பத்தாறு படங்கொண்ட சுருளின் விலை மகாபொலப் பணத்தை நம்பியிருப்போருக்குச் சிறிதன்று. மூவர் கூடி ஒரு கமராவும், கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவும் தொட்டியும் வாங்கினால் விடுதி அறையிலேயே கழுவலாம். ஆனால் விடுமுறை நாட்களில் கமரா யார் கையில் இருக்கும் என்பதை முற்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவ்விடயத்தில் எழும் சண்டைகள் லைக்கா பற்றிய சண்டைகளிலும் கொடியவை.