கண்ணாடித் தகடு சொல்லும் தீர்ப்பு

ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 'இது இன்ன நோய்' என்று எழுதித் தருகிற நோய்க்குறியியல் நிபுணரை நோயாளி பார்ப்பதே இல்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவருக்கோ, அவர் எழுதும் இரண்டு வரிதான் தலையெழுத்து.

காரணம் இதுதான். நம் ரத்தத்திலும் நிணநீர்க் கட்டிகளிலும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் உள்ளன. அந்நியமானதை எதிர்ப்பது அவற்றின் வேலை. பிறர் கொடுத்த சிறுநீரகத்தையும் அவை விடுவதில்லை. 1954ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே செய்த ஆபரேஷன் வெற்றி பெற்றது என்றால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர்கள் என்பதால்தான். மற்றவர்களுக்கு எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் அவசியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971ல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது முதல் நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானோர் இந்த மாத்திரைகளின் துணையோடுதான் வாழ்ந்து வருகிறார்கள்.

ஆனால் காவல் தளர்ந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் 1964ல் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலோர் உடம்பில் அது சும்மா கிடக்கிறது. மாத்திரையால் எதிர்ப்பு குறைந்தவர்களில் சிலருக்கு அது தலைதூக்கி, லிம்போசைட்டுகளையே கட்டுக்கடங்காமல் பெருக வைக்கிறது. இதுதான் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பொருத்திய சிறுநீரகத்திலேயே இது வருவதும் உண்டு.

இங்கேதான் சிக்கல். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறிவிட்டது. ஊசியால் துணுக்கு எடுத்து, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். லிம்போசைட் கூட்டம் தெரிகிறது. அது சிறுநீரகத்தைத் தாக்க வந்த படையா? அல்லது புற்றுநோயா? தாக்குதல் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். லிம்போமா என்றால் குறைக்க வேண்டும். மருந்தைக் குறைத்ததும் கட்டி கரைந்ததை 1984ல் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டால் சிறுநீரகம் போகும். உயிரே போனாலும் போகும். அதனால்தான் சந்தேகம் வரும்போது வைரஸின் அடையாளத்தையும் தனிச் சாயம் போட்டுத் தேடுகிறார்கள்.

இந்த அறிவு ஒரு நாளில் வந்ததல்ல. லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் உடலை ஆராய்ந்து வந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்க் கட்டியும் மண்ணீரலும் வீங்கிய நோயை 1832ல் விவரித்தார். கவனித்தவர் அதிகமில்லை. 1865ல்தான் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். அவர் காலத்துத் துணுக்குகளை 1926ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சிலவற்றில் அதே நோய் இருந்தது உறுதியாயிற்று. பத்திரப்படுத்திய சதைத் துணுக்கு சுமார் நூறாண்டு கழித்தும் சாட்சி சொன்னது.

சிறுநீரக விஷயத்திலும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு கணக்கு இருந்தது. 1991ல் கனடாவின் பான்ஃப் நகரில் கிம் சோலெஸ் முதலிய நிபுணர்கள் கூடி, எதிர்ப்பை அளவிடப் பொது விதிகள் வகுத்தார்கள். 1993ல் அவை வெளியாயின. ஒரு ஊரில் எழுதிய ரிப்போர்ட் இன்னொரு ஊர் டாக்டருக்கும் புரிய வழி பிறந்தது.

பிழைப்புக்காக ஊர் மாறும் நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. ஆபரேஷன் வேலூரில், வேலை மும்பையில் என்று இருப்பவர், மாத்திரைச் சீட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினால் போதாது. பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் கையில் இருக்க வேண்டும். மெழுகுத் துண்டும் கண்ணாடித் தகடும் எங்கே இருக்கின்றன, என்ன நம்பரில் இருக்கின்றன என்று குறித்து வைக்க வேண்டும். 'ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும்' என்ற பேச்சைக் கேட்டுப் பயாப்ஸியைத் தட்டிக் கழிப்பது ஆபத்து. தானாக மாத்திரையைக் குறைப்பது அதைவிட ஆபத்து. கூட்டுவதா குறைப்பதா என்பதை அனுபவசாலி டாக்டரே துணுக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் கடமை உண்டு. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டிவிட்டால் வேலை முடிந்ததாகாது. மருந்தைக் கூட்டியது ஏன், குறைத்தது ஏன் என்று நோயாளிக்குத் தெரிந்த பாஷையில் ஒருவர் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். தாளாத கடன் வாங்கி, உடன்பிறந்தவரோ தாயோ கொடுத்த சிறுநீரகத்தைச் சுமந்து நடப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் சலுகை அல்ல, உரிமை. நிர்வாகங்கள் ஆவன செய்யட்டும்.