இரவெல்லாம் வேகும் தக்காளி

புரட்டாதி பிறந்தால் ஒன்ராறியோவின் விட்பியில் தக்காளி ஒரேயடியாகப் பழுத்துவிடும். விக்ரோறியா தின விடுமுறைக்கு முன் கன்று நடக்கூடாது என்பது இந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் கணக்கு. அது மே மாதப் பிற்பகுதி. ஒக்டோபரில் உறைபனி வந்துவிடும். இடையில் கிடைக்கிற நாலரை மாதத்துக்குள் செடி வளர்ந்து, பூத்து, காய்த்து, பழுத்து முடிக்க வேண்டும். அதனால்தான் ஓகஸ்ட் நடுப்பகுதிவரை ஒன்றிரண்டாகப் பறித்த வீடுகளில் செப்டெம்பரில் வாளி வாளியாக நிறைகிறது. அயலவருக்குக் கொடுத்து, கோயிலுக்கும் வேலைத்தலத்துக்கும் கொண்டுபோன பிறகும் குசினி மேசையில் ஒரு குவியல் மிஞ்சும். அதில் பாதி கனிந்து அழுகிப் பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் போகிறது. தை மாதத்தில் அதே வீட்டார் கடைக்குப் போய்ப் போத்தலில் அடைத்த சோஸ் வாங்குகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கிழமை இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

ஏஜாக்ஸில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசியில் சொன்னார்: "ஒரு பெட்டி பழம் கிடக்கு. அடுப்படியிலை நிண்டு கிண்டிக்கொண்டிருக்க எனக்கு எங்கை நேரம்? ரெண்டு பேரும் வேலைக்கெல்லோ போறம்."

இங்குள்ள தமிழரான நம்மில் பெரும்பாலானோர் வீட்டு நிலைமை இதுதான். ஒருவர் காலை வேலை, மற்றவர் பின்னேர வேலை, நடுவில் 401 நெடுஞ்சாலையின் நெரிசல், பிள்ளைகளின் வகுப்புகள். தக்காளியும் இருக்கிறது, பாத்திரமும் இருக்கிறது. அடுப்பருகே நிற்க மூன்று மணிநேரம்தான் இல்லை. "உங்கடை ஸ்லோ குக்கரை எடுங்கோ மச்சாள்" என்றேன்.

அந்தப் பாத்திரம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதைச் செய்தவர் இர்விங் நாக்ஸன் என்ற யூத மின்பொறியாளர். அவருடைய தாய், வில்னா நகரத்து யூதர்களின் வழக்கம் ஒன்றை மகனுக்குச் சொல்லியிருந்தார். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று நெருப்பு மூட்டக்கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுதுபடும் முன் இறைச்சியும் அவரை விதையும் கிழங்கும் போட்ட சட்டியை ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அணைத்த போறணையில் மிஞ்சியிருக்கும் சூட்டில் அது விடிய விடிய வேகும். சோலன்ட் என்பது அந்த உணவின் பெயர். அந்த மெல்லிய சூட்டை மின்சாரத்தால் கொடுக்க வழி கண்ட நாக்ஸன் 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு 'கிராக் பொட்' என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வட அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார் என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டில் ஆள் நிற்காத நேரத்துக்கென்றே உருவான பாத்திரம் அது. நம்முடைய தேவையும் வேறில்லை.

தக்காளி சோஸ் விஷயத்தில் ரொறன்ரோ மாநகரில் நமக்கு ஆசான்கள் இத்தாலியர். 1950களிலும் 60களிலும் தென் இத்தாலியக் கிராமங்களிலிருந்து வந்து, கட்டட வேலை செய்து, கொலிஜ் தெருவிலும் சென் கிளெயர் மேற்கிலும் வேரூன்றிப் பின்னர் வூட்பிரிட்ஜுக்குப் பரவியவர்கள். ஓகஸ்ட் கடைசியில் அவர்களுடைய கடைகளின் முன்னால் றோமா தக்காளிப் பெட்டிகள் அடுக்கடுக்காக எழும்பும். ஒரு புஷல் ஏறக்குறைய 25 கிலோ. ஒரு சனிக்கிழமை முழுக் குடும்பமும் கராஜில் கூடும். பழத்தைக் கழுவ ஒருவர், வெட்ட ஒருவர், தோலையும் விதையையும் பிரிக்கும் இயந்திரத்தைச் சுற்ற ஒருவர். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு பேசில் இலையைப் போட்டு மூடி, பெரிய பீப்பாயில் அவித்து, நிலவறையில் அடுக்கினால் அடுத்த புரட்டாதிவரை கவலையில்லை. பேரப்பிள்ளைகள் இத்தாலிய மொழியை மறந்த வீடுகளிலும் சோஸ் நாள் நிற்கவில்லை. நிலவறையில் இரண்டாவது குசினி வைத்த சமூகம் அவர்களுடையது. கராஜில் அடுப்பு வைத்து மீன் பொரிக்கும் நமக்கு அவர்களைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்காது.

தோட்டம் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். ஒன்ராறியோ தக்காளி நாடு. தென்மேற்கு மூலையில் ஈரி ஏரிக்கரையில் உள்ள லெமிங்டன் நகருக்குக் கனடாவின் தக்காளித் தலைநகரம் என்று பெயர். 1909இல் அங்கே வந்த ஹைன்ஸ் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டு காலம் ஊரையே தாங்கியது. 2013 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2014 ஜூனில் மூடியபோது ஏறக்குறைய 740 பேர் வேலை இழந்தார்கள். பிறகு ஹைபெரி கான்கோ என்ற நிறுவனம் அதே ஆலையை ஏற்று நடத்தியது. 2016இல் லெமிங்டன் தக்காளியில் செய்த பிரெஞ்ச்ஸ் கெச்சப்பை ஒரு பெரிய கடைத்தொடர் தட்டிலிருந்து எடுக்கப் பார்த்தபோது மக்கள் விடவில்லை. சமூக ஊடகத்தில் எழுந்த கோபத்தால் கெச்சப் மீண்டும் தட்டுக்கு வந்தது. எங்கே விளைந்த பழம் என்று கேட்டு வாங்கினால் நிலத்தில் உழைப்பவனுக்குப் பலன் கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

தக்காளி நெடுநாள் வைத்திருக்க முடியாத பழம். அதனால்தான் இத்தனை பாடு. தமிழ்நாட்டின் ஒட்டன்சத்திரத்திலும் இராயக்கோட்டையிலும் விலை விழும்போது விவசாயிகள் அதைத் தெருவில் கொட்டிவிட்டுப் போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே பழம் 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. கொட்டுகிற மாதத்துக்கும் ஏங்குகிற மாதத்துக்கும் நடுவில் காய்ச்சி வைக்கிற ஒரு வேலை இருக்கிறது. அதை நாடு செய்கிறதோ இல்லையோ, ஒரு வீடு செய்யலாம்.

இனிச் செய்முறை. றோமா அல்லது சான் மர்சானோ வகை நல்லது. சதைப்பற்று கூட, விதையும் நீரும் குறைவு. சாதாரணத் தக்காளியும் ஆகும்; வற்ற நேரம் கூடும், அவ்வளவுதான். ஆறு குவார்ட் குக்கரில் மூன்றரை முதல் நான்கு கிலோவரை கொள்ளும். பழத்தை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். இரண்டு மூன்று மணிநேரத்தில் தோல் தானாகச் சுருங்கி மேலே எழும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் கையோடு வரும். கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கும் வேலை மிச்சம்.

வெங்காயத்தையும் உள்ளியையும் பச்சையாகப் போடாதீர்கள். ஸ்லோ குக்கரின் சூடு எதையும் சிவக்க வதக்காது. அதோடு தக்காளியின் புளிப்பில் வெங்காயம் இலகுவில் மசியாது. பத்து மணிநேரம் கழித்தும் பல்லில் கடிபடும். தாச்சியில் ஒலிவ் எண்ணெய் விட்டு இரண்டையும் பொன்னிறமாக வதக்கிப் பிறகு சேருங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது. இனிப்புக்கு ஒரு கரட்டைத் துருவிப் போடலாம். பழம் நன்றாகக் கனிந்திருந்தால் அதுவும் வேண்டாம். உப்பைக் கடைசியில் போடுங்கள். சோஸ் பாதியாக வற்றும்போது தொடக்கத்தில் போட்ட உப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

பலர் ஸ்லோ குக்கரில் சோஸ் வைத்துவிட்டு, தண்ணீராக இருக்கிறது என்று கைவிடுவதற்குக் காரணம் மூடி. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர். அடுப்பில் திறந்து காய்ச்சினால் ஆவியாகப் போய்விடும். இங்கே கனமான மூடி ஆவியைப் பிடித்துத் திரும்பவும் உள்ளே சொட்டவிடுகிறது. எனவே முதல் ஐந்தாறு மணிநேரம் மூடி வேகவிட்டு, பழம் முழுதாகக் குழைந்த பிறகு, மூடிக்குக் கீழே ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து இடைவெளி விடுங்கள். அப்போது சூட்டைக் கூட்டி வைத்தால் இன்னும் மூன்று நான்கு மணிநேரத்தில் அகப்பையில் நிற்கும் பதம் வரும். தொடக்கத்தில் மேலே தெளிந்து நிற்கும் நீரை ஒரு கோப்பை அளவு மொண்டு எடுத்தும் விடலாம். அதில் மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்டால் அன்றைய இரசம் ஆயிற்று. அலுமினியச் சட்டியைப் போலத் தக்காளிப் புளிப்புக்கு ஈடுகொடுக்க முடியாத பாத்திரமும் இல்லை இது. உள்ளிருக்கும் மட்பாண்டத்தில் பழத்தின் சுவை அப்படியே நிற்கிறது.

நான் இரவில்தான் வைப்பேன். 2023 மே முதல் ஒன்ராறியோவில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை மிகக் குறைந்த மின்கட்டணம் அறவிடும் திட்டம் ஒன்று இருக்கிறது. நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் மாலை 7 மணிக்குப் பிறகு குறைவுதான். குக்கர் குடிக்கும் மின்சாரமும் சொற்பம். 250 வாட் குக்கர் பத்து மணிநேரம் ஓடினாலும் இரண்டரை அலகுதான். விடியற்காலை வேலைக்குப் புறப்படுபவர் மூடியைச் சரித்துவிட்டுப் போகலாம். பின்னேர வேலைக்காரர் எழும்பிக் கடைசிப் பதம் பார்க்கலாம். ஷிப்ட் வேலையைச் சபித்துக்கொண்டிருக்கும் நமக்கு அது உதவுகிற இடம் இது.

இனி எழுதுவதை ஆறுதலாக வாசியுங்கள். போத்தலில் அடைத்து நிலவறையில் வைப்பது எல்லாத் தக்காளிக்கும் பாதுகாப்பானதல்ல. தக்காளியின் அமிலத்தன்மை பாதுகாப்பின் எல்லையான 4.6 பிஎச் அளவுக்கு மிக அருகில் நிற்கிறது. சில பழம் அந்த எல்லையைத் தாண்டியும் இருக்கும். வெங்காயமும் உள்ளியும் சேர்த்தால் புளிப்பு இன்னும் குறையும். காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலிசத்தை உண்டாக்கும் உயிர்கொல்லி நச்சு உருவாக அது போதும். மணமும் நிறமும் மாறாமலேயே நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே போத்தலில் அடைக்க விரும்புகிறவர்கள் வெங்காயம், உள்ளி, எண்ணெய் எதுவும் சேர்க்காத வெறும் தக்காளிச் சோஸை மட்டும் அடையுங்கள். அரை லீற்றர் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று கடையில் விற்கும் போத்தல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். தேசிக்காய் பிழிந்தால் புளிப்பு ஒன்றுக்கொன்று மாறுபடும், அதை நம்ப முடியாது. நிரப்பிய போத்தல் நீரில் முழுக மூழ்கி அரை லீற்றர் 35 நிமிடம், ஒரு லீற்றர் 40 நிமிடம் கொதிக்க வேண்டும். ஸ்லோ குக்கருக்குள் போத்தலை வைத்து அவிப்பது ஒருபோதும் கூடாது. அதன் சூடு போதாது. உறைபனியில் செத்த கொடியிலிருந்து எடுத்த பழத்தையும் போத்தலில் அடைக்கக்கூடாது. உறைபனி எச்சரிக்கை கேட்ட அன்றே பச்சைக் காய் உட்பட எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். காயை ஒரு ஆப்பிளோடு அட்டைப் பெட்டியில் மூடி வைத்தால் உள்ளே பழுக்கும்.

என்னைக் கேட்டால் பிறீசரே நமக்கு ஏற்றது. அதில் வெங்காயமும் சேர்க்கலாம், உள்ளியும் சேர்க்கலாம். சோஸைத் தட்டையான பாத்திரங்களில் பரப்பி, இரண்டு மணிநேரத்துக்குள் ஆறவைத்து, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடி உறையவிடுங்கள். உறையும்போது அது விரியும். ஆறுமாதம் சுவை குறையாமல் நிற்கும்.

பிள்ளைகளின் பாஸ்ராவுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். இதே சோஸ் கோழிக்கறிக்கு அடிப்படைக் குழம்பாகிறது. இறாலை வதக்கிக் கடைசியில் இரண்டு அகப்பை விட்டால் பாணுக்கும் புட்டுக்கும் ஏற்ற பிரட்டல். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துச் சேர்த்தால் தோசைக்குச் சட்னி. அதனால்தான் காய்ச்சும்போது வாசனைச் சரக்கு எதையும் போட வேண்டாம் என்கிறேன். சரக்கு சேராமல் உறையவைத்தால் மார்கழியில் எந்தச் சமையலுக்கும் அது இசையும்.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடை முழுவதும் பூங்காக்களில் ஒன்றுகூடல் நடத்துகின்றன. செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமையைத் தக்காளிக்கு ஒதுக்குங்கள் என்று நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கலாம். செடி வளர்க்கத் தெரிந்த நம் முதியவர்கள் பழம் தெரிவுசெய்ய, இளையவர்கள் கழுவி வெட்ட, ஒவ்வொரு வீடும் தன் குக்கருக்கு வேண்டியதை எடுத்துப் போகட்டும். வயல் தக்காளிக் காலம் செப்டெம்பர் முடியும்வரை இருக்கிறது. அதுவரை பெட்டிகள் கடை வாசலில்தான் நிற்கும்.