மூலிகை என்றொரு சாட்டு

"கஞ்சா மூலிகைதானே, அதில் என்ன கெடுதல்?" என்று படித்தவர்களே கேட்கின்றனர். எட்டிக்காயும் இயற்கை தந்ததுதான். அதை எவரும் பிள்ளைக்கு ஊட்டுவதில்லை.

1964 இல் இஸ்ரேலிய விஞ்ஞானி ரபேல் மெச்சூலமும் அவரது சகாவும் கஞ்சாவில் போதை தரும் ரி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தனர். 1992 இல் மெச்சூலத்தின் குழு, அதைப்போல் செயற்படும் பொருளொன்றை மூளையே சுரப்பதைக் கண்டறிந்து 'ஆனந்தமைட்' எனப் பெயரிட்டது. நரம்புக்கலங்களிடையே சமிக்ஞை மிகும்போது, 'போதும்' என்று பின்னோக்கிச் செய்தி அனுப்புவது இவ்வகைப் பொருள்களின் பணி. அவை வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில் தோன்றி மறைவன. கஞ்சாவோ இடம் பொருள் பாராது மணிக்கணக்காக அதே கட்டளையை இடுகிறது. ஞாபகம் தடுமாறுகிறது, காலக்கணிப்புப் பிழைக்கிறது. மூளை முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயதாகும். ஆகவே பதினைந்தில் தொடங்குபவனுக்கே ஆபத்து அதிகம்.

"கேரளக் கஞ்சாவுடன் இருவர் கைது" என்று எங்கள் பத்திரிகைகள் தலைப்பிடுகின்றன. நானும் பலமுறை அவ்வாறு எழுதியவன். எத்தனை கிலோ என்று எழுதினேன்; அது ஒரு மாணவனின் தலைக்குள் என்ன செய்யும் என்று ஒருநாளும் எழுதியதில்லை. 'மூலிகை' என்ற பேச்சு எடுபட்டதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். பொலிஸார் பொதியைக் கைப்பற்றலாம்; பொய்யை மறுக்க வேண்டியவர்கள் நாங்களே.