வாடகையே இஎம்ஐ கட்டிவிடுமாம்!

"இஎம்ஐ நீங்க ஏன் சார் கட்டணும்? குடியிருக்கிறவன் கட்டுவான்!" வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பசங்களிடம் ஃபிளாட் விற்கிறவர்கள் எடுத்துவிடும் வசனம் இது. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், சைட்டில் பிரியாணி, திங்கட்கிழமை டோக்கன் அட்வான்ஸ். நடுவில் கணக்கு போட மட்டும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. சரி, இங்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

சென்னைப் புறநகரில், ஏற்கெனவே ஒருவர் வாங்கிய இரண்டு பெட்ரூம் ஃபிளாட், விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கைக்காசு. முடிந்ததா? முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்... இன்னொரு 5 லட்சத்து 40 ஆயிரம். இதையும் வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்க முடியாது. மொத்தம் 17 லட்சத்து 40 ஆயிரம். 25 வயதுப் பையனிடம் ஏது இவ்வளவு? அப்பாவின் பி.எஃப்., அம்மாவின் நகை. விளம்பரத்தில் இவர்கள் படம் வருவதே இல்லை.

மாதக் கணக்குக்கு வருவோம். 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 40,150 ரூபாய். முதல் மாதம் அதில் 32,000 வட்டிக்கே போய்விடும். வாடகையைத் தாராளமாக 16,000 என்று வைத்தாலும், குடியிருக்கிறவர் கட்டுவது வட்டியில் பாதி! மீதி 24,000 மாதாமாதம் சம்பளத்திலிருந்துதான்.

அந்த 16,000 ரூபாயும் முழுசாகக் கைக்கு வராது. வருடத்தில் ஒரு மாதம் வீடு காலி கிடக்கும், அப்போது மெயின்டெனன்ஸும் ஓனர் தலையில். ஆள் மாறினால் பெயிண்ட், மோட்டார் ரிப்பேர், சொத்து வரி. எல்லாம் கழித்து மாதம் 13,000 நின்றால் நல்லது. 13,000 ரூபாய் இஎம்ஐ தாங்கக்கூடிய கடன் எவ்வளவு தெரியுமா? பதினைந்தரை லட்சம். வாடகையே கடனை அடைக்க வேண்டுமென்றால் மீதி நாற்பத்துநாலரை லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அவ்வளவு இருக்கிறவன் அந்த வேனில் ஏறியிருக்கவே மாட்டான்.

அட்வான்ஸ் இருக்கிறதே என்பார்கள். அது வருமானம் இல்லை, வட்டியில்லாக் கைமாத்து. அதைப் பத்திரச் செலவில் விட்டுவிட்டு, காலி செய்யும்போது "சுவரில் ஆணி அடிச்சிருக்கீங்க" என்று சண்டை போடும் ஓனர்கள் தெருவுக்கு நாலு பேர்!

வட்டியும் அசையாமல் நிற்காது. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. இதே 48 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 37,200 ரூபாயாக இருக்கும் இஎம்ஐ, 9.5 சதவீதத்தில் 44,700. இல்லையென்றால் வங்கி வருடங்களை நீட்டும். 2025ல் ரெப்போ குறைந்தது உண்மைதான், மறுபடி ஏறாது என்று எழுதித் தருவார்களா? வருமான வரியில் மிச்சமாகும் என்பது அடுத்த சமாதானம். புதிய வரிமுறையில் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு.

இந்த வியாபாரத்தில் பலருக்கு வேதப்புத்தகம் ராபர்ட் கியோசாகி. அவர் எழுதுவது 30 வருடமும் ஒரே வட்டியில் கடன் கிடைக்கிற அமெரிக்காவில் இருந்துகொண்டு. போகட்டும், பையில் பணம் போடுவதுதான் சொத்து, எடுப்பது சுமை என்று அவரே சொல்கிறார். மாதம் 24,000 எடுக்கிற ஃபிளாட்டுக்கு அவர் கணக்குப்படி என்ன பெயர்?

"விலை ஏறும் சார்!" ஏறலாம். ஆனால் வேலை போன மாதத்தில், ஏறிய விலையிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து வங்கியில் கட்ட முடியாது. தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். பிறகு 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். பையனின் சம்பளம் போதாமல் அப்பாவையும் கூட்டுக் கடன்தாரராகச் சேர்த்திருந்தால், பி.எஃப். பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அவர் பெயருக்கும் ஒரு நோட்டீஸ் வரும்.