தோளில் விழுந்த பள்ளம்

சரவணம்பட்டி, கணபதி, சின்னவேடம்பட்டி, விளாங்குறிச்சி, கீரணத்தம் பக்கத்துப் பெற்றோர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், துணி தைத்துக் கொடுக்கும் அண்ணன், அக்காக்களுக்கும்.

நாங்கள் சங்கமும் இல்லை, கட்சியும் இல்லை. சத்தி ரோட்டை ஒட்டிய தெருக்களில் சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிற ஏழெட்டுப் பெண்கள். நடக்கிறபோது வீட்டுக் கதை பேசாமல் இருக்க முடியுமா? அப்படி எங்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

அவர் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. வயதுக்கு வந்து தெரட்டிச் சீர் முடிந்த அடுத்த வருஷத்திலிருந்தே மார்பு வயதுக்கு மீறி வளர்ந்துகொண்டே போனது. பையை முதுகில் மாட்டாமல் முன்னால் அணைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். யூனிபார்ம் ஓவர்கோட்டுக்கு மேல் ஒரு ஷால், அதற்கு நாலு ஊக்கு. கோகோ டீமில் இருந்தவள் பிடிக்கவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டாள். டெய்லர் கடையில் அளவெடுத்தவர் உதவியாளுக்குக் கேட்கட்டும் என்று மார்பளவை உரக்கச் சொல்ல, நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த வாரம் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் அம்மா பார்த்தார். இரண்டு தோளிலும் உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி, விரல் பதிகிற ஆழத்துக்குப் பள்ளம். மார்புக்கடியில் வேர்வை தங்கிப் புண். அதன்மேல் பவுடரைக் கொட்டி மறைத்து வைத்திருந்தாள்.

“ஏங்கண்ணு, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன்மா. கழுத்து வலிக்குதுன்னேன். போனப் பாக்கறதக் கொறைன்னு நீதான சொன்ன.”

அதற்குப் பிறகும் சில மாதங்கள் வீணாயின. ‘உடம்பு வாகு’ என்றார் பெரியம்மா. ‘ஒரு புள்ள பொறந்தா சரியாப் போயிரும்’ என்றார் அத்தை. ஒரு கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எடை குறைந்தால் கொஞ்சம் இறங்கலாம்தான். ஆனால் இப்படி மீறி வளர்ந்த மார்பு பட்டினி கிடந்து வடியாது. குழந்தை பெற்றால் சரியாகும் என்பதும் பேச்சுதான். கர்ப்பத்தில் மார்பு இன்னும் பெருக்கும்.

இப்படி மீறி வளர்ந்த மார்பைக் குறைக்க ஆபரேஷன் உண்டு. பொது மயக்கம் கொடுத்து, அதிகப்படியான திசுவையும் தோலையும் எடுத்துவிட்டு, காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடு மேலே ஏற்றித் தைக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் 12 முதல் 21 வயதுக்குள் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 102 பெண்களையும், இந்தத் தொந்தரவே இல்லாத 84 பெண்களையும் வருஷக்கணக்காகக் கவனித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் வலியிலும் தன்மதிப்பிலும் சாப்பாட்டைப் பற்றிய எண்ணத்திலும் மிகவும் பின்தங்கி இருந்த பெண்கள், ஆபரேஷனுக்குப் பின் மற்றப் பெண்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். ஒல்லியோ பருமனோ, பலன் இருந்தது.

இதில் பூசி மெழுக எங்களுக்கு இஷ்டமில்லை. தழும்பு நிற்கும், பல சமயம் நங்கூர வடிவில். அதே மருத்துவர்களின் இன்னொரு கணக்கில் ஐந்தில் ஒருவருக்குத் தழும்பு தடித்திருந்தது. சிலருக்குக் காம்பில் உணர்ச்சி குறையும். வளர்ச்சி நிற்குமுன் அவசரப்பட்டால் மறுபடி பெருக்கலாம். பிற்காலத்தில் தாய்ப்பால் எப்படி என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. காம்போடு சேர்ந்த பால்சுரப்பித் திசுவை விட்டுவைத்துச் செய்தால் பலர் பால் கொடுக்கிறார்கள். சிலருக்குப் போதாமல் போய்ப் புட்டிப்பாலும் சேர்க்க வேண்டிவரும். இதையெல்லாம் டாக்டரிடம் அந்தப் பெண்ணே கேட்கட்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

எங்கள் பெண்ணுக்கு அளவு நிலைத்துவிட்டதா என்று ஒரு வருஷம் பார்த்துவிட்டு, பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் செய்தார்கள். ஒரு ஓரத்தில் தழும்பு கொஞ்சம் தடித்திருக்கிறது, இடப்பக்கம் இன்னும் மரத்தாற்போல் இருக்கிறது என்கிறாள். ஆறாம் வாரம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நிமிர்ந்து நின்றபோதுதான், மகள் தன்னைவிட உயரம் என்பதே அம்மாவுக்குத் தெரிந்ததாம்.

செலவு விஷயத்துக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கு இலவசப் பிரிவு ஒன்றை அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். அழகு சிகிச்சை ஏழைக்கும் கிடைக்கட்டுமே என்பது அவர் வாதம். உயிர் காக்கும் சிகிச்சையை முதலில் பாருங்கள் என்று எதிர்ப்பும் வந்தது. பேச்செல்லாம் அழகைச் சுற்றியே ஓடியதில், தோள்வலியோடு பையைச் சுமக்கிற பெண் ஓரத்தில் ஒரு வரியாகிவிட்டாள். இன்றும் இன்சூரன்ஸ் பாலிசியில் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் கிடையாது. மருத்துவக் காரணத்தை டாக்டர் எழுத்தில் தந்தால் மட்டும்தான் வாதாட இடமுண்டு. ஆகவே கழுத்து வலி, தோள் பள்ளம், தோல் புண் ஒவ்வொன்றையும் முதல் சீட்டிலிருந்தே எழுதி வாங்குங்கள்.

பட்டறையில் கை சிக்கியவர்களுக்கு விரலை ஒட்டவைக்கிற ஊர் நம் கோவை. அதற்காகவே கங்கா மருத்துவமனையை வெளிநாட்டு டாக்டர்களும் அறிவார்கள். விரலை ஒட்டவைப்பதும் மார்பைக் குறைப்பதும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். அப்படிப்பட்ட ஊரில் பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நடிகையின் மூக்கு ஞாபகத்துக்கு வருவது நமக்கு அழகா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அதற்குத் தனித் துறை இருக்கிறது. விளம்பரப் பலகை பார்த்து எங்காவது நுழைவதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டுங்கள்.

டெய்லர் அண்ணன்களே, அளவை வாயால் சொல்லாமல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பி.டி. டீச்சர்களே, விளையாட வராத பெண்ணை வரிசையில் நிறுத்திக் காரணம் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் கேலி பேசுவதை நிறுத்தினால், சில பெண்களுக்கு டாக்டரே தேவைப்படாது. வலி எதுவும் இல்லாமல், கேலிக்குப் பயந்து மட்டும் கத்தியைத் தேடுகிற பெண்ணும் இருக்கிறாள். அவளை ஆபரேஷனுக்கு அனுப்புவதும் தப்பு.

பையன்களும் உண்டு. வயதுக்கு வரும்போது மார்பு பெருப்பது அவர்களில் பலருக்கு வந்து, பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே வடியும். அதற்குள் ‘பொட்டை’ என்று பட்டம் கட்டிச் சட்டையைக் கழற்ற முடியாதபடி செய்துவிடுகிறோம். வடியாவிட்டால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

மகளை அழைத்துப் போகக் கூச்சமாக இருந்தால் எங்களில் ஒருவர் கூட வருகிறோம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், பழைய சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. வரிசையில் நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
சாயங்காலம் நடக்கிற பெண்கள்,
சரவணம்பட்டி.